பழைய பெட்ரோல் பிக்கப் தட்டுகிறதா? ஆக்டேனை அப்புறம் பார்க்கலாம்

லோடோடு பாம்பன் ரோடு பாலத்தில் ஏறும்போது பழைய பெட்ரோல் பிக்கப் 'கிண் கிண்' என்று தட்டினால், உடனே கிடைக்கிற யோசனை "பிரீமியம் பெட்ரோல் போடுங்கண்ணே, சரியாகிடும்" என்பதுதான். அதில் ஆக்டேன், அதாவது தட்டலைத் தாங்கும் எண், கூடுதல் என்பதால் சில வண்டியில் சத்தம் நிற்கவும் செய்யும். ஆனால் அது ஏன் தட்டியது என்று யாரும் பார்ப்பதில்லை, லிட்டருக்கு லிட்டர் கூடுதல் காசு மட்டும் போய்க்கொண்டே இருக்கும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் கரையில் மீன் லோடு அடிக்கிற பிக்கப்புகளில் பெரும்பாலானவை டீசல், அவற்றுக்கும் ஆக்டேனுக்கும் சம்பந்தமில்லை. டீசலுக்குப் பார்ப்பது சீட்டேன் எண் (எவ்வளவு எளிதில் தானாகப் பற்றும் என்பது), அந்தக் கணக்கே தலைகீழ். நான் சொல்வது பின்பக்கம் திறந்த பழைய பெட்ரோல் ஜீப், ஜிப்சி, பின்சீட்டைக் கழற்றிவிட்டு ஐஸ் பெட்டி ஏற்றுகிற ஆம்னி மாதிரியான கார்புரேட்டர் காலத்து வண்டிகளை.

சிலிண்டருக்குள் பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்து போகிறது, பிஸ்டன் மேலே ஏறி அதை அழுத்துகிறது, உச்சியைத் தொடுவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே பிளக் பொறி விடுகிறது. அந்தப் பொறியில் எல்லாம் ஒரே அடியாக வெடிப்பதில்லை. பிளக் முனையில் பற்றிய தீ அங்கிருந்து ஓரத்தை நோக்கிப் பரவிப் போகிறது, அதற்குச் சில மில்லி செகண்ட் ஆகும். தீ இன்னும் போய்ச் சேராத மூலையில் நிற்கிற கலவை ஏற்கெனவே பிஸ்டன் அழுத்தியதில் சூடேறியிருக்கிறது (சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பக்கம் கையைச் சுடுமே, அதே சூடு), இப்போது எரிந்து விரிகிற வாயு வேறு அதைப் போட்டு நெருக்குகிறது. ஒரு கட்டத்தில் தாங்காமல், தீ வந்து தொடுவதற்குள் அந்த மூலை முழுவதும் தானாகவே பற்றிக்கொள்ளும். அதில் கிளம்பும் அழுத்த அலை சுவருக்குச் சுவர் மோதித் திரும்புகிறது, நொடிக்கு 6,000, 7,000 தடவை. நம் காதில் விழுகிற சத்தம் அதுதான். கெடுதல் எங்கே என்றால், உலோகத்தை ஒட்டி எப்போதும் ஒரு மெல்லிய வாயுப் படலம் நின்று சூட்டைத் தடுத்துக்கொண்டிருக்கும், இந்த அலை அதைக் கலைத்துவிடுகிறது. சூடு நேராகப் பிஸ்டனில் இறங்கும். தொடர்ந்து இப்படியே ஓட்டினால் ரிங் உட்காரும் விளிம்பு உடையும், ஹெட் கேஸ்கட் போகும், பிஸ்டன் தலையே உருகவும் கூடும்.

அந்த மூலைக் கலவை தானாகப் பற்றாமல் எவ்வளவு தாங்கும் என்பதற்கான எண்தான் ஆக்டேன். 1920களில் வந்த அளவுகோல் இது. ஐசோ ஆக்டேன் என்ற திரவத்துக்கு 100, ஹெப்டேன் என்ற திரவத்துக்கு 0, இரண்டையும் 91-க்கு 9 என்று கலந்தால் சோதனை இன்ஜினில் எப்படி நடந்துகொள்ளுமோ அப்படி நடந்துகொள்ளும் பெட்ரோல் 91 ஆக்டேன். இதில் பெட்ரோலின் சக்தி எங்கேயும் வரவில்லை, தாங்கும் திறன் மட்டும்தான் இருக்கிறது. அழுத்தம் அதிகமுள்ள இன்ஜினுக்கு அது வேண்டும். கலவையை ஏழில் ஒரு பங்காக, எட்டில் ஒரு பங்காக மட்டுமே அழுத்துகிற பழைய இன்ஜினுக்கு 100 ஆக்டேன் ஊற்றினால் இழுவை அதிகமாகாது, மைலேஜும் அதிகமாகாது.

இந்தியாவில் பிஎஸ் 2 (பாரத் ஸ்டேஜ் என்ற புகை விதி) காலத்துச் சாதா பெட்ரோல் 88 ஆக்டேன், பிஎஸ் 3-இல் அது 91 ஆனது, இப்போது 20 சதவீதம் எத்தனால் கலந்து வருவதற்கு 95. அன்றைக்கு 88-இல் தட்டாமல் ஓடிய இன்ஜின் இன்றைக்கு 95-இல் தட்டுகிறது என்றால் குறை வண்டிக்குள்தான் இருக்கிறது.

பெரும்பாலும் நாலைந்து இடம்தான். வருஷக்கணக்கில் எண்ணெய் எரிந்து பிஸ்டன் தலையில் கரி படிந்திருக்கும். கரி இடத்தை அடைத்துக்கொள்வதால் அழுத்தம் கூடும், கரியே கனன்று கலவையைப் பற்றவைக்கவும் செய்யும். அடுத்தது ரேடியேட்டர். உப்புக் காற்றில் அதன் இதழ்கள் அரித்துப் பொடிந்துபோய், பார்வைக்கு முழுசாக இருந்தாலும் விரலால் தொட்டால் உதிரும். அப்புறம் சூடு எங்கே இறங்கும்?

நான் முதலில் பார்க்கச் சொல்வது டைமிங், அதாவது பிளக் பொறி விடுகிற நேரம். பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்து அனுப்புகிற டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைத் திறந்தால் அடியில் இரண்டு சிறிய எடைகளும் அவற்றை இழுத்துப் பிடிக்கிற இரண்டு ஸ்பிரிங்கும் இருக்கும். வேகம் கூடக் கூட எடைகள் விரிந்து பொறியை முன்னால் தள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. ஸ்பிரிங் தளர்ந்துபோனால் வேகம் வருவதற்கு முன்பே எடைகள் விரிந்துவிடும், பொறி சீக்கிரம் விழும், பிஸ்டன் ஏறிக்கொண்டிருக்கும்போதே அழுத்தம் எகிறும். டிஸ்ட்ரிபியூட்டரின் பிடிமான போல்ட்டைத் தளர்த்தி, டைமிங் லைட் வைத்துப் பார்த்துக்கொண்டே நூலளவு திருப்பினால் தட்டல் அடங்கிவிடுகிற வண்டிகள் நிறைய உண்டு. புது வண்டிகளில் இந்த வேலையை நாக் சென்சார் நொடிக்கு நொடி செய்கிறது. பழைய வண்டியில் டிரைவரின் காதுதான் சென்சார்.

ஓட்டுகிற விதமும் இருக்கிறது. கச்சான் காற்று எதிரே அடிக்க, டாப் கியரிலேயே மெதுவாக ஏறிக்கொண்டு ஆக்சிலரேட்டரை அமுக்கினால் எந்தப் பழைய இன்ஜினும் தட்டும், ஏனென்றால் வேகம் குறைவாகச் சுற்றும்போது அந்த மூலைக் கலவைக்குப் பற்றிக்கொள்ள நேரம் நிறையக் கிடைக்கிறது. ஒரு கியர் குறையுங்கள்.

பிரீமியம் பெட்ரோல் நியாயமாகத் தேவைப்படுகிற பழைய வண்டியும் உண்டு. கேஸ்கட் போய் ஹெட்டை இரண்டு மூன்று முறை ஃபேசிங் போட்டிருந்தால் உலோகம் தேய்ந்து அழுத்தம் உண்மையாகவே கூடியிருக்கும். அதற்குப் போடலாம், தப்பில்லை.

எத்தனால் விஷயம் கொஞ்சம் சிக்கல். அது ஆக்டேனைக் கூட்டுவதால் தட்டலைக் குறைக்க வேண்டும். ஆனால் எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால், பழைய பெட்ரோலுக்கென்று ஜெட் (பெட்ரோல் வருகிற சிறு துளை) போட்ட கார்புரேட்டரில் கலவை பெட்ரோல் குறைந்து காற்று கூடினாற்போல் ஆகிவிடும், இழுவையில் திணறும். மெயின் ஜெட்டை ஒரு அளவு பெரிதாக மாற்றினால் சரியாகும், அப்படியே பழைய ரப்பர் ஹோஸ்களையும் மாற்றிவிடுங்கள்.

நம் ஊரில் இதோடு மீன்பிடித் தடைக்காலமும் சேர்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு கடலுக்குப் போகாது, பல வண்டிகள் அந்த 61 நாளும் கரையோரம் நிற்கும். எத்தனால் தண்ணீரை இழுக்கும். ஈரக் காற்று மட்டும் என்றால் பெரும்பாலும் தாங்கிவிடும், டேங்க் மூடியின் வாஷர் செத்துப்போய் மழைத்தண்ணீர் இறங்கினால்தான் வினை. அளவு மீறியதும் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து அடியில் தனியாக இறங்கிவிடும், மேலே நிற்பது ஆக்டேன் போன வெறும் பெட்ரோல். அடியில் இருப்பதை இழுத்தால் வண்டி ஸ்டார்ட்டே ஆகாது, மேலே இருப்பதை இழுத்தால் முதல் லோடிலேயே தட்டும். அதனால் வண்டியை நிறுத்துவதற்கு முன் மூடி வாஷரை மாற்றி, கார்புரேட்டர் கிண்ணத்தைக் காலி செய்துவிடுங்கள். ஜூனில் எடுக்கும்போது டேங்க் அடி போல்ட்டைத் திறந்து ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்துப் பாருங்கள். இரண்டு அடுக்காகத் தெரிந்தால் மொத்தத்தையும் இறக்கிவிட்டுப் புதுப் பெட்ரோல் போடுங்கள், சாதா பெட்ரோலே போதும்.