அண்டார்டிகா வேலைக்குப் போகிறவர்கள் பெட்டி கட்டும் முன்

டெல்லி முனிர்க்காவில் எங்கள் தெருத் தம்பி ஒருவருக்கு அண்டார்டிகாவில் சமையல் வேலை கிடைத்தது. மாதக்கணக்கில் பச்சைக் கீரை கிடைக்காதே என்று, வெந்தயமும் சிறுகீரை விதையும் கொண்டுபோய் முளைக்கப் போடலாமா என்று கேட்க அலுவலகத்துக்குப் போனார். முதல் மேசையில் "கொண்டு போ, பரவாயில்லை" என்றார்கள். அடுத்த மேசையில் "ஒப்பந்தக்காரரைக் கேள்". ஒப்பந்தக்காரர் மறுபடி முதல் மேசைக்கே அனுப்பினார். மூன்று வாரம் அலைந்தும் ஒருவரும் ஒரு வரி எழுதித் தரவில்லை.

வாய்ச்சொல்லை நம்பாதீர்கள். இந்திய அண்டார்டிகா சட்டம், 2022-இன்படி அந்த மண்ணுக்குச் சொந்தமில்லாத செடியையோ பிராணியையோ அனுமதியில்லாமல் அங்கே கொண்டு சேர்த்தால் 7 ஆண்டு வரை சிறை. அபராதம் 10 லட்சம் முதல் 50 லட்சம் ரூபாய் வரை. மாட்டுவது மேசைக்காரர் அல்ல, நீங்கள்.

ஒரு விதைக்கும் பூச்சிக்கும் இவ்வளவா என்று தோன்றும். 1960-களில் தெற்கு ஜார்ஜியா தீவிலிருந்து அண்டார்டிகாவின் சிக்னி தீவுக்கு ஆராய்ச்சிக்காகச் செடிகளைக் கொண்டுபோனார்கள். கூடவே பறக்க முடியாத, கொசு போன்ற ஒரு சின்னப் பூச்சியினம் போய்விட்டது. அதற்கு ஆண் துணையே வேண்டாம், ஒரு பெண் பூச்சி போதும். இன்றுவரை பரவிக்கொண்டிருக்கிறது, மண்ணின் சத்தையே மாற்றுகிறது.

பலரும் தடுக்கி விழுவது சாப்பாட்டு விஷயத்தில்தான். சாப்பிடக் கொண்டுபோகும் பொருளுக்கு விலக்கு உண்டு. அதே வெந்தயத்தைத் தொட்டியில் தூவினால் விலக்கு போய்விடும். அரிசி, பருப்பில் இருக்கிற வண்டும் உயிருள்ள பிராணிதான். சொந்தமாக எடுத்துப்போகும் தானியத்தைச் சலித்து, நான்கைந்து நாள் ஃப்ரீசரில் வைத்து, காற்றுப்புகாமல் கட்டுங்கள்.

"பயணக் குழுவுக்கே பர்மிட் இருக்கிறதே" என்பார்கள். செடி, பிராணிக்கான பர்மிட்டில் எந்த இனம், எத்தனை என்று இருக்க வேண்டும். உங்கள் விதையின் பெயர் அதில் இல்லையென்றால் உங்களுக்குப் பர்மிட் இல்லை.

அப்புறம் பூட்ஸ். எய்ம்ஸ் மருத்துவப் பரிசோதனை முடிந்து உத்தரகண்டின் அவுலிக்குப் பனிமலைப் பயிற்சிக்குப் போவீர்கள். அங்கே ஒட்டும் மண்ணும் விதையும் குளிரில் பிழைக்கப் பழகியவை, அதனால்தான் கூடுதல் ஆபத்து. அதே பூட்ஸோடு கிளம்பாதீர்கள். அடிப்பாகத்தை பிரஷ் போட்டுக் கழுவுங்கள். வெல்க்ரோ, பாக்கெட் மடிப்பு, பையின் மூலைகளை வாக்குவம் பண்ணுங்கள்.

சந்தேகம் இருந்தால் பயணத் தலைவருக்கு மின்னஞ்சலில் கேளுங்கள், பதிலை அச்செடுத்து வையுங்கள். அனுமதி தரும் குழு புவி அறிவியல் அமைச்சகச் செயலாளர் தலைமையில் இயங்குகிறது. ஒப்பந்தக்காரருக்கு அந்த அதிகாரம் கிடையாது. பதில் வரவில்லையென்றால் அந்தப் பொருளை டெல்லியிலேயே விட்டுவிடுங்கள்.

அங்கே போனபின் பெட்டியில் பூச்சி தெரிந்தால் வெளியே உதறாதீர்கள். மூடிய டப்பாவில் பிடித்துத் தலைவரிடம் கொடுத்து, நாளும் நேரமும் எழுதி வாங்குங்கள்.