கண்ணாடித் துணி எங்கே மறைகிறது?

காரைக்குடியிலிருந்து ஒரு பொறியியல் மாணவர் கேட்டிருக்கிறார்: “பெட்ரோல் எஞ்சின் வைத்த பெரிய மாதிரி விமானம் ஒன்றைச் செய்கிறோம். எஞ்சின் மூடிக்கு ஃபைபர் கிளாஸ் போடும்போது வெள்ளைத் துணி ரெசின் பட்டதும் காணாமல் போகிறது. கரைந்துவிடுகிறதா?”

இல்லை. அந்தத் துணி கண்ணாடி இழைகளால் நெய்தது; எபாக்சி ரெசினில், அதாவது கலந்து பூசியதும் இறுகும் பிசினில், கண்ணாடி கரையாது. நடப்பது அதைவிடச் சுவையானது.

அச்சு வேலையை முதலில் முடித்துவிடுவோம். ஆத்தங்குடியில் டைல்ஸ் போடுவதைப் பார்த்தவருக்கு இது புதிதல்ல. கண்ணாடித் தட்டின் மேல் முதலில் வண்ணக் கலவை, பிறகுதான் மணலும் சிமெண்டும். தரையில் மேலே தெரியப்போகும் முகம் வார்க்கும்போது அடியில் கிடக்கிறது. வழவழப்பைத் தருவது கண்ணாடி. மூடிக்கும் அதே தலைகீழ் முறைதான். மெழுகு தேய்த்த குழிவான அச்சில் முதலில் ஜெல் கோட் (வெளிமுகமாகும் நிறம் கலந்த ரெசின் பூச்சு), அதன் மேல் மெல்லிய துணி, பிறகு சற்றுத் தடித்த துணி இரண்டு அடுக்கு. வளைவுகளில் துணியைத் தையற்காரர்கள் ‘கிராஸ்’ என்று சொல்லும் வாட்டத்தில் வெட்டிப் போட்டால் சுருக்கம் விழாது. கன்னம் பருத்த மூடி ஒற்றை அச்சிலிருந்து வெளியே வராது என்பதால் அச்சு இரண்டு பாதியாக இருக்க வேண்டும்.

இனி உங்கள் கேள்வி. கண்ணாடிக்கு நிறமில்லை, துணி மட்டும் ஏன் வெள்ளை? ஒவ்வொரு நூலிலும் தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய இழைகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. ஒரு பொருள் ஒளியை எவ்வளவு வளைக்கும் என்பதைச் சொல்வது ஒளிவிலகல் எண். காற்றுக்கு அது ஏறக்குறைய 1. இந்தக் கண்ணாடிக்குச் சுமார் 1.55. ஒளி காற்றிலிருந்து இழைக்குள் நேராக நுழையும்போதே நூற்றில் ஐந்து பங்குக்குச் சற்றுக் குறைவாகத் திரும்பிவிடுகிறது. மிச்சம் வளைந்து உள்ளே போய், வெளியேறும்போது மறுபடி சிதறுகிறது. இப்படி ஆயிரம் இழைகளில் மோதி எல்லா நிறமும் கலந்து திரும்பி வருவதைத்தான் நாம் வெள்ளை என்கிறோம்.

எபாக்சியின் விலகல் எண்ணும் சுமார் 1.55. இழைகளுக்கு இடையே இருந்த காற்றைத் தள்ளிவிட்டு ரெசின் நிறைந்ததும், ஒளியைப் பொறுத்தவரை எல்லை என்ற ஒன்றே இல்லாமல் போகிறது. இரு எண்களுக்கும் 0.01 வித்தியாசம் இருந்தாலும் திரும்பும் ஒளி லட்சத்தில் ஒரு பங்குதான். துணி அங்கேயேதான் இருக்கிறது. அதைக் காட்டிக்கொடுக்க ஒளிக்கு வழியில்லை.

எனக்கு இதில் பிடித்தது, இயற்பியலே இலவசமாகத் தரச்சோதனை செய்து தருவதுதான். வெள்ளைப் புள்ளி எங்கே தெரிகிறதோ அங்கே காற்று சிக்கியிருக்கிறது. பிரஷ்ஷால் இழுக்காதீர்கள், குத்திக் குத்தி ஒற்றுங்கள். திரியில் எண்ணெய் ஏறுவதுபோல ரெசின் தானே இழைகளுக்கு இடையே ஏறும், கொஞ்சம் நேரம் கொடுங்கள். பின்னொரு நாள் விமானம் தரையில் மோதி மூடியில் வெள்ளைத் தழும்பு விழுந்தால், அந்த இடத்தில் ரெசின் விரிசல்விட்டு இழையைவிட்டுப் பிரிந்திருக்கிறது. வெளிப்புறம் ஜெல் கோட் மறைக்கும், உட்புறத்தைப் பாருங்கள்.

ரெசின் இறுகாமல் பிசுபிசுத்தால் திருஷ்டி என்று எலுமிச்சம்பழம் கட்டும் பட்டறைகள் உண்டு. அந்தக் காசுக்குத் தராசு வாங்கலாம். எபாக்சியை இறுகச் செய்யக் கலக்கும் ஹார்டனர் வெறும் தூண்டுகோல் அல்ல, வலைப்பின்னலில் அதுவும் ஒரு கண்ணி. அதன் அளவு கூடினாலும் குறைந்தாலும் இணையாத மூலக்கூறுகள் மிஞ்சும்; அதனால்தான் எடைபோட்டுக் கலக்க வேண்டும். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1953-இல் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் திறக்கப்பட்ட ஊர் உங்களுடையது. ஆண்டுவிழா மேடைக்குச் செலவழிக்கும் கல்லூரிகள் மாணவர் பட்டறைக்கு ஒரு தராசு வாங்க யோசிப்பது எனக்கு எரிச்சலூட்டுகிறது.

கோடையில் கலவையைச் சிறிது சிறிதாகக் கலந்துகொள்ளுங்கள். வெப்பம் பத்து டிகிரி ஏறினால் வேலை செய்யக் கிடைக்கும் நேரம் ஏறக்குறைய பாதியாகிவிடும். கிண்ணத்தில் மொத்தமாக விட்டுவைத்தால் தன் சூட்டிலேயே புகையத் தொடங்கும். சாதாரண வெப்பத்தில் இறுகிய எபாக்சி பெரும்பாலும் 60 டிகிரியை ஒட்டி இளகும். எஞ்சின் பக்கத்தில் இது போதாது. இளகும் வெப்பநிலையை உயர்த்த, இறுகிய மறுநாள் அச்சோடு சேர்த்து மெதுவாகச் சூடேற்றுங்கள், சித்திரை வெயிலில் மொட்டைமாடியும் ஓரளவு உதவும். கழற்றிய பிறகு சூடேற்றினால் மூடி நெளிந்து, விமானத்தின் உடலோடு பொருந்தாது.