உண்டபின் பத்து நிமிட நடை

திருநெல்வேலி வீடுகளில் சொதியும் இஞ்சித் துவையலும் இலைக்கு வரும் நாளில் சோறு கொஞ்சம் கூடுதலாகவே இறங்கும். இரண்டு கோப்பைச் சோற்றில் ஏறக்குறைய 90 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. செரிக்கும்போது அது குளுக்கோஸ் என்னும் சர்க்கரையாகிறது. ஆனால், நலமாக உள்ள ஒருவர் வெறும் வயிற்றில் இருக்கும்போது அவருடைய 5 லிட்டர் இரத்தத்தில் உள்ள சர்க்கரை மொத்தமே சுமார் 5 கிராம்தான், அதாவது ஒரு தேக்கரண்டி அளவு. அடுத்த சில மணி நேரத்தில் குடலிலிருந்து வந்து சேரும் சர்க்கரையை உடல் உடனுக்குடன் வேறிடத்தில் சேர்த்தாக வேண்டும்.

அதில் பெரும்பங்கை ஏற்பவை தசைகள். குளுக்கோஸ் தானாகத் தசைச் செல்லுக்குள் நுழைய முடியாது. 'குளூட்-4' என்னும் புரதம் அதற்குக் கதவாக இருக்கிறது. சாதாரண வேளையில் இப்புரதம் செல்லின் உள்ளே சிறு பைகளில் ஒதுங்கியிருக்கும். இன்சுலின் வந்து செல்லின் மேற்பரப்பைத் தொட்டதும் பைகள் விளிம்புக்கு நகர்ந்து குளுக்கோஸுக்கு வழிவிடுகின்றன. இரண்டாம் வகை நீரிழிவில் மங்கிப்போவது இந்தச் சமிக்ஞைதான்.

நாம் எட்டு வைக்கும்போது நிகழ்வது வேறு. கெண்டைக்காலும் தொடையும் சுருங்கி விரிகையில் தசைச் செல்லுக்குள் கால்சியம் பெருகுகிறது, ஆற்றல் இருப்பும் குறைகிறது. இவ்விரண்டையும் உணரும் நொதிகள் இன்சுலினின் உதவியின்றியே அதே குளூட்-4 புரதத்தை விளிம்புக்கு அனுப்புகின்றன. நீரிழிவு உள்ளவர்களிடமும் இவ்வழி பெரும்பாலும் பழுதுபடாமல் இருக்கிறது என்பதே எனக்கு இதில் மிகுந்த நம்பிக்கை தரும் செய்தி.

நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டாம் வகை நீரிழிவு உள்ள 41 பேர், நாளில் ஏதோ ஒரு நேரத்தில் 30 நிமிடம் நடப்பதையும் மூன்று வேளை உணவுக்குப் பின்னும் பத்துப் பத்து நிமிடம் நடப்பதையும் மாறிமாறிக் கடைப்பிடித்தார்கள். உணவுக்குப் பின் நடந்த நாட்களில் சாப்பாட்டை அடுத்து ஏறும் சர்க்கரை சராசரியாக 12 சதவீதமும், இரவு உணவுக்குப் பின் 22 சதவீதமும் குறைவாக இருந்தது.

நெல்லை வெயிலில் மதியம் தெருவில் இறங்குவது கடினம், வீட்டுக்குள்ளேயே நடக்கலாம். இரவில் வசதி கூடுதல். கீழ ரதவீதியில் அல்வா வாங்கி உண்பவர்கள் அப்படியே மற்ற மூன்று ரதவீதிகளையும் நிதானமாகச் சுற்றி வரலாம். சர்க்கரை பெரும்பாலும் ஒரு மணி நேரத்தையொட்டி உச்சத்தைத் தொடுவதால், உண்ட அரை மணிக்குள் நடையைத் தொடங்குவது நல்லது. இன்சுலின் போடுபவர்கள் சர்க்கரை அளவுக்குமீறித் தாழாமலிருக்க மருத்துவரைக் கேட்டுக்கொண்டு தொடங்க வேண்டும்.