எண்கணித விரிவு: சொல்லும் பொருளும்

யுனிக்ஸ் என்ற கணினிப் பணிசெயல் முறைமையில், தட்டச்சிடும் கட்டளைகளை வாங்கி இயக்கும் செய்நிரலுக்கு ஷெல் என்று பெயர். அதற்கு எழுதும் கட்டளை வரியில் $(( )) என்ற இரட்டை அடைப்புக்குள் 5+3 போன்ற ஒரு கணிதக் கோவை வந்தால், கட்டளையை இயக்குமுன் ஷெல் அக்கோவையின் பெறுமானத்தைக் கணித்து, கோவை நின்ற இடத்தில் அந்த எண்ணை வைத்துவிடும். இச்செயலே எண்கணித விரிவு. ஆங்கிலத்தில் இதனை ‘அரித்மெடிக் எக்ஸ்பான்ஷன்’ என்பர். முற்சொல் எண்ணைக் குறிக்கும் ‘அரித்மோஸ்’ என்ற கிரேக்கச் சொல்லினின்றும், பிற்சொல் பரப்புதலைக் குறிக்கும் இலத்தீன் வினையினின்றும் பிறந்தவை.

ஷெல் மாறி இயல்பாகத் தாங்குவது எழுத்துச் சரத்தையே. ஒரு மாறிக்கு 5+3 என்று கொடுத்தால் அது 8 ஆகாது, எழுதியபடியே நிற்கும். 1979 இல் ஏழாம் பதிப்பு யுனிக்ஸுடன் வந்த போர்ன் ஷெல்லுக்குத் தானே கணக்கிடும் ஆற்றல் இல்லாமையால், எக்ஸ்பர் என்ற தனிச் செய்நிரலை அழைத்து, எண்ணுக்கும் குறிக்கும் நடுவே இடைவெளி விட்டு, பெருக்கலுக்குரிய உடுக்குறியை (*) ஷெல் கோப்புப் பெயர்களாக மாற்றிவிடாதபடி அதன்முன் பின்சாய்கோடும் (\) இடவேண்டியிருந்தது. யுனிக்ஸ் வகை முறைமைகளுக்குப் பொதுவிதி வகுக்கும் போசிக்ஸ் தரம் 1992 இல் இரட்டை அடைப்பை வகுத்தபின் இச்சிரமம் நீங்கிற்று. ஆயினும் பரவலாக வழங்கும் ஷெல்களுள் ஒன்றான பாஷில் முழுவெண் மட்டுமே உண்டு: 17 மூட்டை நெல்லை 5 பேருக்குப் பங்கிட $((17 / 5)) என்று எழுதினால் 3 வரும், மீதி 2 ஐ அறிய % குறி வேண்டும். முன்னால் பூச்சியம் நின்றால் எண்ணை எட்டடியாக, அதாவது 0 முதல் 7 வரையான இலக்கங்களால் மட்டும் எழுதப்படுவதாகக் கொள்வதால், ஓகஸ்ட் மாதத்தைக் குறிக்கும் 08 வழுவாகிவிடும்.

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் தமிழில் கணிதம் கற்றவர்கள் ‘மாறியின் பெறுமானத்தைப் பிரதியிடுக’ என்ற தொடரோடு வளர்ந்தவர்கள். ஆகவே ‘எண்கணிதப் பிரதியீடு’ என்பதே அவர்களுக்கு இயல்பாகத் தோன்றக்கூடும். நடப்பதும் ஒருவகைப் பிரதியீடுதான். எனினும் ஒரு கட்டளையின் வெளியீட்டை அதன் இடத்தில் வைக்கும் வேறொரு செயலுக்கு அப்பெயர் வேண்டியிருப்பதாலும், மாறி, கோப்புப் பெயர் முதலியவற்றுக்கும் ஷெல் ‘விரிவு’ என்ற ஒரே குடும்பப் பெயரை வழங்குவதாலும், விரிவு என்பதே தக்கது என்பது என் துணிபு. தமிழ் இலக்கணமும் இதற்குத் துணைநிற்கிறது: ‘பால் குடித்தான்’ என்ற தொகையை விரித்தால் மறைந்திருந்த உருபு வெளிப்பட்டுப் ‘பாலைக் குடித்தான்’ ஆகிறது. அங்கே உருபு வெளிப்படுவதுபோல் இங்கே பெறுமானம் வெளிப்படுகிறது.

‘விரிவாக்கம்’ என்றும் சிலர் எழுதுவர். வீதி விரிவாக்கம் போல அளவைப் பெருக்குவதையே அது உணர்த்துவதால் இங்கே பொருந்தாது. 1936 இல் சென்னையில் கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய விபுலானந்த அடிகள் பிறந்த காரைதீவு உள்ள இப்பகுதியில், வகுப்பறையிலாவது ‘ஷெல் இக்கோவையை 8 என விரிக்கும்’ என்று வினையாகவும் இச்சொல்லை வழங்கவேண்டும்.