எல்லா வள்ளமும் போகவில்லை என்றால்?

தக்கலையில் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்குத் தருக்கக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். பிள்ளைகள் எங்கே பிழை விடுகிறார்கள் என்று தேடிப்போனால், பல நேரம் பிழை அவர்களுடைய கணக்கில் இருக்காது, கேள்வியின் வாக்கியத்திலேயே இருக்கும்.

ஒருநாள் பலகையில் 'எல்லா வள்ளமும் கடலுக்குப் போகவில்லை' என்று எழுதினேன். சில போயின, சில போகவில்லை என்பதுதான் நான் நினைத்திருந்த விடை. குளச்சலிலிருந்து வரும் மாணவி எழுந்து, "எங்கப்பா அப்பிடிச் சொன்னா அன்னைக்கு ஒண்ணுமே போகல்லன்னுதான் அர்த்தம், சார்" என்றாள். அவள் சொன்னது நியாயம். அந்த வாக்கியம் இரண்டு பக்கமும் சாயும். ஆங்கிலக் கேள்வியை அப்படியே தமிழாக்கும்போது இந்தக் கோளாறு அடிக்கடி வருகிறது. 'ஒரு வள்ளமும் போகவில்லை' என்றோ 'சில வள்ளங்கள் மட்டும் போகவில்லை' என்றோ எழுதினால் சந்தேகத்துக்கே இடமில்லை. பலகையை அழித்து மாற்றி எழுதினேன்.

பெயர்பெற்ற புதிர்களுக்கும் இதே கதைதான். 1959-ல் கணிதப் புதிர் எழுத்தாளர் மார்ட்டின் கார்ட்னர் 'சயின்டிஃபிக் அமெரிக்கன்' இதழில் கேட்டார்: ஒருவருக்கு இரண்டு பிள்ளைகள், குறைந்தது ஒன்று ஆண், இரண்டும் ஆணாக இருக்க வாய்ப்பு என்ன? 1/3 என்று விடை சொன்னவர், கேள்வி தெளிவாக இல்லை என்று பிற்பாடு அவரே ஒப்புக்கொண்டார்.

இரண்டு பிள்ளை பெற்ற ஓர் அம்மாவை வடசேரி பஸ் ஸ்டாண்டில் பார்க்கிறோம் என்று வையுங்கள். "ஆண் பிள்ளை உண்டா?" என்று கேட்கிறோம். "உண்டு" என்கிறார். மூத்தது இளையது என்று வரிசைப்படுத்தினால் ஆண்-ஆண், ஆண்-பெண், பெண்-ஆண் மூன்றும் மிஞ்சும், விடை 1/3. நாம் எதுவும் கேட்கவில்லை, இரண்டில் ஏதோ ஒரு பிள்ளையைக் கூட்டி வந்திருக்கிறார், அது பையன் என்றால் விடை 1/2. தகவல் நம்மிடம் வந்த வழிதான் வேறு.

1990-ல் அமெரிக்கப் பத்தி எழுத்தாளர் மர்லின் வாஸ் சாவந்த் எழுதி ஆயிரக்கணக்கில் எதிர்ப்புக் கடிதங்கள் வாங்கிய மூன்று கதவுப் புதிரும் அப்படியே. ஒரு கதவுக்குப் பின்னால் பரிசு, மற்ற இரண்டுக்கும் பின்னால் ஆடு. நீங்கள் ஒரு கதவைத் தேர்ந்தெடுத்ததும், நிகழ்ச்சி நடத்துபவர் மீதி இரண்டில் ஒன்றைத் திறக்கிறார், ஆடு நிற்கிறது. திறக்காத மற்றக் கதவுக்கு மாறுவது நல்லதா? பரிசு எங்கே என்று தெரிந்து, ஒவ்வொரு முறையும் ஆட்டுக் கதவையே அவர் திறப்பார் என்றால் மாற்றிக்கொள்பவருக்கு வாய்ப்பு 2/3. குருட்டாம்போக்கில் திறந்து ஆடு வந்திருந்தால் மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் 1/2. அவர் எப்படித் திறக்கிறார் என்ற அந்த ஒரு வரியை விட்டுவிட்டுக் கேட்டால் எந்தப் பிள்ளையிடமும் கோபப்பட நமக்கு உரிமை இல்லை.

இப்போது வகுப்பில் கணக்கைத் தொடங்குமுன், 'இது எப்படித் தெரிய வந்தது?' என்று ஒரு வரி எழுதச் சொல்கிறேன். நான் தயாரிக்கும் வினாத்தாள், அச்சுக்குப் போகுமுன் பழைய மாணவியான அந்தக் குளச்சல் பிள்ளையிடம் ஒருமுறை போய்வருகிறது.