சொல் விளக்கம்: புகை அலாரம்

சிங்கப்பூரில் 2018 ஜூன் 1 முதல், புதிதாகக் கட்டப்படும் வீடுகளில் இந்தக் கருவி கட்டாயம். தீப் பாதுகாப்பு அனுமதி வாங்க வேண்டிய அளவுக்குப் பெரிய வேலை நடக்கும் பழைய வீடுகளுக்கும் அதே விதிதான். குடிமைத் தற்காப்புப் படை இதை எச்எஃப்ஏடி என்று சுருக்கி எழுதுகிறது. நேர்த்தமிழில் ‘வீட்டுத் தீ எச்சரிக்கைக் கருவி’. வீட்டுக்குள் யாரும் அப்படிச் சொல்வதில்லை. ‘ஃபயர் அலாரம்’ என்பார்கள், ‘ஸ்மோக் டிடெக்டர்’ என்பார்கள். பாட்டிமார் ‘மேலே ஒட்டியிருக்கிற அந்த வட்டம்’ என்று முடித்துக்கொள்வார்கள்.

டிடெக்டர், அலாரம் இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றும். பேச்சில் மாற்றிச் சொன்னால் யாருக்கும் நட்டமில்லை. கடையில் மாற்றி வாங்கினால்தான் சிக்கல்.

அலாரம் ஒரு பழைய போர்க்குரல். இத்தாலியில் ‘ஆல் ஆர்மே’ என்றால் ‘ஆயுதத்தை எடுங்கள்!’ என்று பொருள். பகைவன் வருகிறான் என்று காவலாளி கத்தும் கத்தல் அது. அந்தக் கத்தலே பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் வந்து பெயர்ச்சொல்லாகி, பிறகு மணியாகி, கடிகாரத்துக்குள் புகுந்து நம் காலைத் தூக்கத்தையும் பிடித்துக்கொண்டது. அதாவது அலாரத்தின் வேலை கூப்பிடுவது. டிடெக்டரின் வேலை கண்டுபிடிப்பது. தமிழில் இதற்கு ‘உணரி’ என்ற அழகான சின்னச் சொல் இருக்கிறது. சிங்கப்பூரில் ‘உணர்கருவி’ என்றும் எழுதுகிறோம்.

தர நிர்ணயங்களும் இந்தப் பிரிவின்படியேதான் போகின்றன. கடைத்தொகுதி, அலுவலகம் போன்ற இடங்களின் கூரையில் இருப்பது பெரும்பாலும் வெறும் உணரி. புகையை உணர்ந்ததும் கம்பி வழியே கட்டுப்பாட்டுப் பெட்டிக்குச் சொல்லும். கூவுவது வேறெங்கோ இருக்கும் மணி. அந்த வகைக்கான ஐரோப்பியத் தரம் ஈஎன் 54. வீட்டுக்கானது உணரி, மணி, பேட்டரி மூன்றையும் ஒரே வட்டத்துக்குள் அடக்கிய தனிக்கருவி. அதற்கான தரம் ஈஎன் 14604. சிங்கப்பூர் வீடுகளுக்குக் கேட்கப்படுவது இதுதான். மூன்று மீட்டர் தள்ளி நின்று அளந்தால் குறைந்தது 85 டெசிபல் சத்தம், சோதித்துப் பார்க்க ஒரு பொத்தான், பேட்டரி தீரப்போவதற்குக் குறைந்தது 30 நாள் முன்பிருந்தே அறிவிப்பு ஆகியவை அதன் முக்கிய நிபந்தனைகள். இணையத்தில் மலிவாகக் கிடைக்கிறதே என்று ஈஎன் 54 உணரி ஒன்றை வாங்கிக் கூரையில் மாட்டினால், புகையைக் கண்டும் அது வாயே திறக்காது.

இன்னொன்று: பெயரில் ‘தீ’ இருந்தாலும், வீட்டில் மாட்டும் கருவிக்குத் தீயைத் தெரியாது, புகையைத்தான் தெரியும். உள்ளே ஓர் இருட்டறை இருக்கிறது. அதற்குள் ஒரு சிறு விளக்கின் ஒளி, ஒளியுணரியின் மேல் படாதபடி கோணலாகப் பாயும். புகைத்துகள் நுழைந்தால் ஒளி அதில் பட்டுச் சிதறி உணரியின் மேல் விழும், உடனே அலறல். அமெரிசியம் 241 என்ற கதிரியக்கப் பொருளின் துணுக்கை வைத்து வேலை செய்யும் பழைய வகையும் உண்டு. கொழுந்துவிட்டு எரியும் நெருப்பை அது சற்று முந்தி உணரும். மெத்தை, சோபா போல முதலில் புகைந்து பிறகு எரியும் பொருள்களுக்கு ஒளிவகையே மேல். எதுவானாலும் சாம்பிராணிப் புகைக்கும் மெத்தைப் புகைக்கும் இதற்கு வேற்றுமை தெரியாது. வெள்ளிக்கிழமை மாலை பூசை மாடத்திலிருந்து கொஞ்சம் புகை கிளம்பினால் போதும், அலறத் தொடங்கிவிடும். சிலர் அதற்காகப் பேட்டரியைக் கழற்றி வைத்துவிடுகிறார்கள். செய்யாதீர்கள். சற்று நேரத்துக்கு மட்டும் அமைதியாக்கும் பொத்தான் பல மாடல்களில் இருக்கிறது. அல்லது கருவியைப் பூசை மாடத்துக்கும் அடுப்புக்கும் எட்ட, படுக்கையறையிலிருந்து வாசலுக்குப் போகும் வழியில் மாட்டலாம்.

ஆக, ‘தீ எச்சரிக்கைக் கருவி’ தவறில்லை, ஆனால் பொத்தாம்பொதுவானது. ‘புகை உணரி’ பாதி வேலையைத்தான் சொல்கிறது. என் ஓட்டு ‘புகை எச்சரிக்கைக் கருவி’க்கு, பேச்சுக்குப் ‘புகை அலாரம்’. ‘எச்சரிக்கை’ இங்கே பொருத்தமாகவே அமைந்துவிட்டது. கன்னடத்தில் ‘எச்சர’ என்றால் விழிப்பு, தூக்கம் கலைந்த நிலை. நாம் எச்சரிக்கை என்றதும் மிரட்டலை நினைக்கிறோம். நடு இரவில் இந்தக் கருவி செய்ய வேண்டியதோ எழுப்பிவிடுவதுதான்.

எழுப்புவதோடு அதன் வேலையும் முடிந்தது. வீட்டுக் கருவி தீயணைப்பு நிலையத்தோடு இணைக்கப்பட்டதல்ல. வெளியே வந்து 995ஐ அழைக்க வேண்டியது நாம்தான்.

அடுத்தது பேட்டரி. இதுவும் போர்க்களத்துச் சொல்லே. பிரெஞ்சில் ‘பாத்ர்’ என்றால் அடித்தல். சேர்ந்து அடிக்கும் பீரங்கி வரிசைக்குப் பேட்டரி என்று பெயர். மின்சாரத்தைச் சேமித்த லேடன் ஜாடிகளை வரிசையாகப் பிணைத்தபோது பெஞ்சமின் பிராங்க்ளின் அந்தப் பெயரை அவற்றுக்குச் சூட்டினார். அதனால் கறாராகப் பார்த்தால், தனியாக இருப்பது மின்கலம். பல கலங்கள் சேர்ந்தால்தான் பேட்டரி, தமிழில் மின்கல அடுக்கு. சுவர்க்கடிகாரத்துக்குப் போடும் ஏஏ ஒற்றை மின்கலம். பழைய புகை அலாரங்களில் இருக்கும் 9 வோல்ட் சதுரக் கட்டியோ உண்மையிலேயே அடுக்கு. அதன் தகர உறைக்குள் 1.5 வோல்ட் கலங்கள் ஆறு இருக்கும்.

எதை வாங்குவது? என்னைக் கேட்டால், பத்தாண்டு லித்தியம் உள்ளேயே வைத்து மூடிய வகை. விலை சற்றுக் கூட. ஆனால் ஸ்டூல் போட்டு ஏறி மாற்றும் வேலை இல்லை. டிவி ரிமோட்டுக்காக யாரும் பேட்டரியை உருவவும் முடியாது. உணரிக்கும் ஆயுள் சுமார் பத்தாண்டுதான், அதனால் இரண்டும் சேர்ந்தே ஓய்வு பெறும். மாற்றக்கூடிய வகை ஏற்கெனவே இருந்தால் நல்ல ஆல்கலைன் போட்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். கருவியின் முதுகில் எந்தெந்தப் பேட்டரி போடலாம் என்று அச்சிட்டிருப்பார்கள். அதைத் தாண்ட வேண்டாம். மறுபடி மறுபடி மின்னேற்றும் பேட்டரி இதற்கு ஆகாது. சும்மா இருக்கும்போதே மின்னை இழக்கும், வோல்ட்டும் குறைவு.

பேட்டரி இறங்கினால் நிமிடத்துக்கு ஒருமுறை அளவில் ‘கீச்’ என்று ஒரு சத்தம் வரும். இது அலறலிலிருந்து வேறு. ஏர்கான் ஓடும் அறையில் பெரும்பாலும் விடியற்காலையில்தான் தொடங்கும். குளிரில் தளர்ந்த பேட்டரியின் வோல்ட் இன்னும் கொஞ்சம் இறங்குவதே காரணம். பகலில் அறை சூடானதும் நின்றுவிடும். அப்புறம் சரியாகிவிட்டது என்று விட்டுவிடுவார்கள். சரியாகவில்லை, அன்றே மாற்றுங்கள். கழற்றிய பேட்டரியின் முனைகளில் டேப் ஒட்டி மின்கழிவுத் தொட்டியில் போடுங்கள். லித்தியத்தை வீட்டுக் குப்பையோடு சேர்த்துக் குப்பைக்குழாயில் தள்ளினால், நசுங்கி அங்கேயே தீப்பிடிக்க வாய்ப்புண்டு.