எதிர்ப்பு சக்தி டானிக் எழுதிக் கொடுங்கள் என்று கேட்கிறவர்களுக்கு

சில வாரங்களுக்கு முன் ஒரு பெரியவர் வந்தார். 68 வயது, நாற்பது வருஷமாகப் பீடி. சிறுநீர்ப் பிரச்சினைக்காக வயிற்று ஸ்கேன் எடுக்கப் போனவரை, இதயத்திலிருந்து வரும் பெரிய ரத்தக்குழாயான மகாதமனி 4.6 சென்டிமீட்டருக்கு வீங்கியிருக்கிறது என்று ரிப்போர்ட்டோடு என்னிடம் அனுப்பியிருந்தார்கள். வயிற்றில் அந்தக் குழாயின் அகலம் சுமார் 2 செ.மீ. இருக்கும், 3-ஐத் தொட்டாலே வீக்கம் என்போம். அவருக்கோ ஒரு வலியும் இல்லை. கூட வந்த மனைவிதான் கேட்டார்: "இவருக்கு எதிர்ப்பு சக்தி கம்மிங்க சார், அதனாலதானா? நல்ல டானிக்கா எழுதிக் குடுங்க."

கொரோனாவுக்கு அப்புறம் எந்த நோய்க்கும் இந்தக் கேள்வி வருகிறது. ஆனால் மகாதமனி வீக்கத்தில் நடப்பது நேர்மாறு. அங்கே எதிர்ப்பு சக்தி குறையவில்லை, அடங்காமல் வேலை செய்கிறது.

மகாதமனிச் சுவரின் நடு அடுக்கில் எலாஸ்டின் என்ற இழைகள் உண்டு, ஒவ்வொரு துடிப்புக்கும் ரப்பர் மாதிரி விரிந்து சுருங்குவது அவைதான். பல வருஷப் புகையாலும் வயதாலும் அந்தச் சுவர் புண்ணாகும்போது பழுது பார்க்க வெள்ளையணுக்கள் வருகின்றன. அவற்றில் மேக்ரோஃபேஜ் என்ற வகை, சிதைந்ததைக் கரைக்க நொதிகளைச் சுரக்கிறது, அந்த நொதிகள் நல்ல எலாஸ்டினையும் சேர்த்தே அறுக்கின்றன, அறுந்த துணுக்குகளோ மேலும் மேக்ரோஃபேஜ்களை அங்கே இழுக்கின்றன, இப்படியே வருஷக்கணக்கில் போகிறது. இதைத்தான் அழற்சி என்கிறோம். வளர்ந்தவர்களின் உடம்பில் எலாஸ்டின் பழையபடி உருவாவதும் இல்லை. சுவர் தளர்ந்து பிதுங்குகிறது.

ஆபரேஷனில் வீக்கத்தைத் திறந்தால் உள்ளே பழைய ரத்தக்கட்டி வெங்காயம் மாதிரி அடுக்கடுக்காக இருக்கும். தளர்ந்த சுவரைத் தாங்கிக் காப்பாற்றுகிறதே என்று தோன்றும், ஆனால் அதற்குள்ளும் வெள்ளையணுக்கள் சிக்கி நொதிகளை விட்டுக்கொண்டே இருக்கின்றன. சிலருக்குக் குழாயின் வெளிப்புறமே வெள்ளை வெளேரென்று தடித்து, பளபளத்து, சிறுகுடலோடு ஒட்டிப் பிடித்திருக்கும். அழற்சி முற்றிய வகை அது, கத்தி வைக்கவே பயமாக இருக்கும்.

விஞ்ஞானி ஐன்ஸ்டைனுக்கு இருந்தது இதே வயிற்று மகாதமனி வீக்கம்தான். 1948-இல் அறுவை நிபுணர் ருடால்ஃப் நிஸ்ஸன் அதைச் சுற்றி செல்லோஃபேன் தாளைச் சுற்றினார். உடம்பு அந்தத் தாளை அந்நியப் பொருளாக எண்ணி எதிர்வினை காட்டும், அதில் உண்டாகும் தழும்பு குழாயை இறுக்கிப் பிடிக்கும் என்பது கணக்கு, அதாவது எதிர்ப்பு சக்தியையே வேலைக்கு வைத்தார்கள். ஆறு வருஷத்துக்கு மேல் தாங்கியது, 1955 ஏப்ரலில் வெடித்தது.

சரி, அழற்சிதான் காரணம் என்றால் அதை அடக்க மாத்திரை கொடுக்கலாமே? அமெரிக்காவில், அந்த நொதிகளை அடக்கக்கூடிய டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக்கை இரண்டு வருஷம் கொடுத்துப் பார்த்தார்கள், 2020-இல் முடிவு வந்தது, வீக்கம் வளர்வது குறையவில்லை. டகயாசு போன்ற, ரத்தக்குழாயையே தாக்கும் நோய்களில் ஸ்டீராய்டு உதவும், அது பெரும்பாலும் இளம்பெண்களுக்கு வருவது, வேறு கதை. வயதானவர்களின் சாதாரண வீக்கத்துக்கு அப்படி ஒரு மாத்திரை இன்னும் இல்லை. டானிக்கோ, கஷாயமோ, "இம்யூனிட்டி பூஸ்டர்" பவுடரோ கட்டாயம் இல்லை, தயவுசெய்து அதில் காசைக் கரைக்காதீர்கள்.

கையில் இருப்பது பீடி சிகரெட்டை விடுவது, பி.பி.-யைக் கட்டுக்குள் வைப்பது, சொன்ன தேதிக்கு ஸ்கேன் எடுப்பது. ஆண்களுக்கு 5.5 செ.மீ., பெண்களுக்கு 5 செ.மீ. வந்தால் ஆபரேஷனோ, குழாய்க்குள் உறை மாதிரி வைக்கும் ஸ்டென்ட் கிராஃப்டோ பேசுவோம். வீக்கம் இருப்பவருக்குத் திடீரென்று வயிற்றிலோ முதுகிலோ கடுமையான வலி, வியர்வை, மயக்கம் வந்தால் கேஸ், கிட்னி கல் என்று வீட்டில் உட்கார்ந்திருக்காமல் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள், ஸ்கேன் ரிப்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

65 தாண்டிய, வாழ்நாளில் எப்போதாவது புகைபிடித்திருக்கிற ஆண்கள் ஒருமுறை வயிற்று அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் பார்த்துக்கொள்ளலாம். ஊசி இல்லை, கதிர்வீச்சு இல்லை. கூடப்பிறந்தவர்களுக்கும் வர வாய்ப்பு அதிகம், அதனால் அந்தப் பெரியவரிடம் கேட்டேன். ஊரில் அண்ணன் இருக்கிறாராம், 72 வயது, அவரும் பீடி. ஆறு மாதம் கழித்து இவர் ஸ்கேனுக்கு வரும்வரை காத்திருக்காமல், இந்த வாரமே அவரைக் கூட்டிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.